குழாய் கட்டிய டிஸ்கோ

தொழிலில் சேர்ந்த முதல் ஆறு மாதம் நம்மாள் ரெக்கார்டைத் தொட்டதே இல்லை. தொட்டதெல்லாம் மரம்தான். புளியமரம், வேப்பமரம், ஒருமுறை முருங்கை மரம். முருங்கை ஏறக்கூடாத மரம் என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது.

நம்மாளின் பெயர் வேண்டாம். இன்று அவர் காரைக்குடியில் பேரன் பேத்திகளோடு கௌரவமாக நடமாடுகிறவர். இதை எழுதுகிறவருக்கும் அவருக்கும் நெருக்கம் அதிகம், இரண்டு பேரும் ஒரே சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறார்கள் என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.

அப்போது 1982. காரைக்குடி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. சிவகங்கை தனி மாவட்டமாக இன்னும் மூன்று வருடம் இருந்தது. ப்ளஸ் டூ கணக்குப் பரீட்சை நம்மாளை மைக் செட் கடைக்கு அனுப்பிவைத்தது. கடை என்றால் ஒரு பத்தடி அறை. உள்ளே அகுஜா ஆம்ப்ளிபையர் இரண்டு, எச்.எம்.வி. பிளேயர் ஒன்று, பித்தளைப் பூவைப் பெரிதாக்கி வெள்ளையடித்தது போலக் குழாய்கள் எட்டு, சுருள் சுருளாக ஒயர். மூலையில் ஒரு தகரப் பெட்டி. அதன் பூட்டுச் சாவி முதலாளியின் அரைஞாண் கயிற்றில். பெட்டிக்குள்தான் ரெக்கார்டுகள்.

அதே காலத்தில் நியூயார்க்கிலும் லண்டனிலும் இதே வயதுப் பையன்கள் இதே தொழிலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு டி.ஜே. என்று பெயர். இரண்டு டெக்னிக்ஸ் பிளேயர்களை அருகருகே வைத்து, ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்த பாட்டின் தாளத்தை அதோடு ஒட்டவைத்து, இரவு முழுக்க இடைவெளியே இல்லாமல் ஆடவைப்பது அவர்கள் வித்தை. காரைக்குடியில் பிளேயர் ஒன்றுதான். ஒரு ரெக்கார்டை எடுத்துத் துடைத்து உறையில் போட்டு, அடுத்ததைத் தேடி வைக்கும் வரை ஊரே காத்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் மைக். "கிழக்குத் தெருவில் பச்சைச் சட்டை போட்ட மூன்று வயதுக் குழந்தை கண்டெடுக்கப்பட்டுள்ளது, பெற்றோர் உடனடியாகப் பந்தலுக்கு வரவும்" என்று நம்மாள் அறிவித்து முடிப்பதற்குள் முதலாளி அடுத்த ரெக்கார்டை வைத்துவிடுவார். நியூயார்க்கில் தாளத்தைத் தாளத்தோடு ஒட்டினார்கள். இங்கே காணாமல் போன குழந்தையை வைத்து ஒட்டினோம்.

டிஸ்கோதெக் என்பது பிரெஞ்சுச் சொல். நூலகத்துக்கு அவர்கள் சொல்லும் பிப்ளியோதெக்கில் புத்தகத்தை எடுத்துவிட்டுத் தட்டை வைத்த சொல். இசைத்தட்டு நூலகம். வாத்தியக் கோஷ்டி இல்லாமல் தட்டைச் சுழலவிட்டு ஆடும் இடம். இதை நம்மாள் பிற்பாடு ஒரு பத்திரிகையில் படித்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? இதைத்தானே நாம் 'ரெக்கார்டு டான்ஸ்' என்று சொல்லி, வீட்டில் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு, தெரிந்ததும் உதை வாங்கினோம்! திருவிழா மேடையில் ஒருவர் எம்.ஜி.ஆர். வேஷத்தில் வருவார், ஓரத்தில் மைக் செட்காரர் முள்ளைச் சரியான இடத்தில் இறக்குவார். பாட்டு நடுவில் தாவினால் எம்.ஜி.ஆரும் தாவ வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு விஷயமும் பிற்பாடுதான் தெரிந்தது. டிஸ்கோ செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அமெரிக்காவில் அதற்குக் கருமாதியே முடிந்திருந்தது. 1979 ஜூலை 12ஆம் தேதி சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ ரெக்கார்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு ரெக்கார்டைக் கொண்டுவந்து கொடுத்தால் டிக்கெட் 98 சென்ட். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி ரகளை செய்ததில் இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. (சிகாகோ என்றால் செட்டிநாட்டுக்காரர்களுக்கு வேறு நினைவு வரும். கவிஞர் கண்ணதாசன் 1981 அக்டோபரில் உயிர்விட்டது அந்த ஊரில்தான்.) ரெக்கார்டை வெடி வைத்து உடைத்த கதையை முதலாளியிடம் சொல்லியிருந்தால் நெஞ்சு வலி வந்திருக்கும். கீறல் விழுந்த ரெக்கார்டைக்கூடத் தூக்கிப்போடாதவர் அவர். கீறல் எந்த வரியில் வரும் என்று மனப்பாடமாகத் தெரியும். அந்த இடம் நெருங்கியதும் விரலால் முள்ளை ஒரு சுண்டு சுண்டுவார். முள் துள்ளாமல் இருக்கப் பிளேயர் கையின் தலையில் ஒரு நாலணாவை ஒட்டிவைத்திருப்பார். கடை வருமானத்தில் செலவழியாமல் இருந்த ஒரே காசு அதுதான்.

காரைக்குடிக்கு ரெக்கார்டு புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் இந்த ஊரில் அப்பாவின் ஏ.வி. அண்டு சன்ஸ் கடையில் இசைத்தட்டு விற்றவர். விற்பதைவிடத் தயாரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று சென்னைக்குப் போய் 1932இல் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். பிறகு போர்க்காலத்தை ஒட்டிக் காரைக்குடிக்கே திரும்பி, தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தி, 'நாம் இருவர்' (1947) எடுத்ததெல்லாம் ஊரறிந்த கதை. முதலாளிக்கு இதில் ஒரு பெருமை உண்டு. "அவரும் ரெக்கார்டு யாவாரம், நானும் ரெக்கார்டு யாவாரம். அவரு மேல போயிட்டாரு" என்பார். இவரும் மேலே போனவர்தான். மரத்துக்கு.

குழாய் கட்டுவது ஒரு கலை, ராஜதந்திரமும் கூட. எந்தத் திசைக்கு வாய் வைப்பது என்பதில் ஊர் இரண்டாகும். "எங்க தெருவுக்கு ஒரு கொழாயத் திருப்பி விடு" என்று வரி கொடுத்த தெருக்காரர்கள் கேட்பார்கள். "எங்க பக்கம் திருப்பாதப்பா, மாடு மிரளுது" என்று அதே தெருவில் இன்னொருவர் சொல்வார். இருட்டுவதற்குள் அத்தனையும் முடித்து, ட்யூப் லைட் கட்டி, பல்புகளால் மயில் மீது முருகன் மின்னும் சீரியல் செட்டைத் தூக்கி நிறுத்தி, மைக்கைத் தட்டி ஊதி "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" சொல்ல வேண்டும். மேலைநாட்டுக் கிளப்பில் கூரையிலிருந்து ஒரு கண்ணாடிப் பந்து தொங்கி ஒளியைச் சிதறடிக்கும் என்கிறார்கள். நம்முடைய மயிலுக்குத் தோகை தனியாக அணைந்து எரியும். எது பெரியது என்பதை வாசகர்தான் சொல்ல வேண்டும்.

ஏழாவது மாதம் சாவி நம்மாளிடம் வந்தது.

ரெக்கார்டு போடுவதில் இரண்டு கஷ்டம். ஒன்று வேகம். சிறிய தட்டு நிமிடத்துக்கு 45 சுற்று, பெரியது 33 சொச்சம், பழைய அரக்குத் தட்டு 78. குமிழை மாற்ற மறந்து 45 தட்டை 33இல் விட்டால் ஜானகியம்மா குரல் ஜேசுதாஸ் குரலாக இறங்கும். 33 தட்டை 45இல் விட்டால் ஜேசுதாஸ் ஏறி வருவார், அது யார் குரலிலும் சேராது. முதல் நாளே சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டை நம்மாள் தவறான வேகத்தில் வைத்தார். பிள்ளையாருக்கு மூஞ்சூறே பாடியது போல் இருந்தது. கோயில் பூசாரி வெளியே வந்து குழாயை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். தெய்வக்குற்றம் எதுவும் நேரவில்லை.

இரண்டாவது கஷ்டம் வரிசை. கிளப் டி.ஜே.க்களுக்குக் கூட்டத்தின் நாடி பிடிக்கத் தெரிய வேண்டும் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இங்கே நாடி பிடித்தால் போதாது, ஜாதகமும் பார்க்க வேண்டும். முதல் பாட்டு விநாயகர். அடுத்து அம்மன், எல்.ஆர்.ஈஸ்வரி இல்லாமல் ஆடி மாதம் நகராது. பிறகு எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்று போட்டால் சிவாஜி பாட்டு ஒன்று. எண்ணிக்கை பிசகினால் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கல்யாண வீட்டில் நாயனக்காரர் சீவாளியை வாயில் வைத்தால் பாட்டை நிறுத்திவிட வேண்டும். பெண் உள்ளே நுழையும்போது 'சாரதா' (1962) படத்து மருமகள் பாட்டு கட்டாயம். அது இல்லாவிட்டால் தாலி கட்டியும் பாதிக் கல்யாணம்தான். அந்தப் பாட்டை எழுதிய பஞ்சு அருணாசலம் இதே சீமையின் சிறுகூடல்பட்டிக்காரர், கண்ணதாசனின் அண்ணன் மகன்.

முக்கியமாக, மங்கல வீட்டில் சோகப் பாட்டு கூடாது. இந்த விதியை நம்மாள் நன்றாக அறிந்திருந்தார். அறியாதது ரெக்கார்டுதான். 45 தட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு வரும். கம்பெனிக்காரர்கள் கல்யாண வீட்டை நினைத்தா அச்சடிக்கிறார்கள்? முதல் பாட்டில் காதலர்கள் மலைச்சாரலில் ஓடுவார்கள். விரல்கடை இடைவெளி விட்டு, இரண்டாவது பாட்டில் அதே காதலன் கையில் பாட்டிலோடு உட்கார்ந்து, வாழ்வில் இனி ஒன்றுமில்லை என்பான். முதல் பாட்டு முடிந்ததும் முள்ளைத் தூக்கிவிட வேண்டும்.

அது பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவே உள்ளே போகும் நீளம். பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடித் தரை. கண்ணுக்கு அழகு, சத்தத்துக்கு எமன். எங்கும் உறிஞ்சப்படாமல் ஒரு சொல் நாலு சொல்லாகத் திரும்பி வரும். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து எல்லோரும் பட்டாலையில் உட்கார்ந்திருந்த நேரம். நம்மாள் மலைச்சாரல் பாட்டைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் பின்கட்டுக்குப் போனார். காரணம் பால் பணியாரம். மைக் செட்காரனுக்குக் கடைசிப் பந்திதான் என்பதால், இடையில் எவராவது கிண்ணத்தை நீட்டினால் மறுக்கக்கூடாது என்பது தொழில் தர்மம்.

நாலாவது பணியாரத்தில் அந்தக் குரல் கேட்டது. காதலி போய்விட்டாளாம். இனி சாம்பல்தானாம். சுவர் ஒவ்வொன்றும் அதைத் திருப்பிச் சொன்னது. நம்மாள் கிண்ணத்தோடு ஓடினார். நடுவில் வளவு, வளவைச் சுற்றிச் சம்பந்தி வீட்டுக் கூட்டம், தாண்டிக் குதிக்க முடியாது. பிளேயரை எட்டியபோது சரணமே பாதி முடிந்திருந்தது. பதற்றத்தில் முள்ளைத் தூக்குவதற்குப் பதில் தள்ளிவிட்டார். அது அதே வரியில் இன்னொரு கீறலில் போய் உட்கார்ந்துகொண்டு, சாம்பல், சாம்பல், சாம்பல் என்றது.

முதலாளி வந்து ஒயரையே பிடுங்கினார். ஊசி விழுந்தால் நாலு முறை கேட்கும் அமைதி. பெரியவர்கள் முகங்கள் இறுகிக் கிடந்தன. அப்போது தூணோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த எண்பது வயது ஆச்சி ஒருவர், "ஏன் நிப்பாட்டிட்டிய? நல்லாத்தானே பாடுனான் பாவம். முழுசாப் போடச் சொல்லுங்க" என்றார். முழுசாகப் போட்டோம். அந்தத் தம்பதி இன்று கோயம்புத்தூரில் பேரப்பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறார்கள். சம்பளத்தில் மட்டும் பிடித்தம் ஆனது.

சரி, டிஸ்கோ எங்கே என்று கேட்பீர்கள்.

அது சிங்கப்பூரிலிருந்து வந்தது. மலேயா, சிங்கப்பூர் போய்வராத குடும்பம் செட்டிநாட்டில் குறைவு. வந்தவர்கள் கோடாலித் தைலத்தோடு நேஷனல் பானசோனிக் டேப் ரெக்கார்டரும் கொண்டுவருவார்கள். அப்படி வந்த ஒரு பையன், பூப்போட்ட சட்டையும் காது மூடிய முடியுமாக, புதுவயல் பக்கத்துக் காதுகுத்து ஒன்றில் நம்மாளிடம் கேசட்டை நீட்டி, "டிஸ்கோ போடு பாஸ்" என்றான். பாஸ் என்று நம்மாளை யாரும் அதுவரை அழைத்ததில்லை. போட்டுவிடுவது என்று முடிவானது. டேப் ரெக்கார்டரை ஆம்ப்ளிபையரில் சொருகப் பின் பொருந்தவில்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார் நம்மாள்.

கேசட்டில் இருந்தது டோனா சம்மர். ஜியார்ஜியோ மொரோடர் என்ற இத்தாலியர் 1977இல் ஏறக்குறைய முழுக்க சிந்தசைசரை வைத்துக் கட்டிய பாட்டு. இன்றைய மின்னணு நடன இசைக்கே அது பாட்டி என்பார்கள். ஒரே தாளம், ஒரே சுழற்சி, நிமிடக் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்த முதலாளி பாதி இலையில் எழுந்து எச்சில் கையோடு ஓடிவந்தார். டேப் ரெக்கார்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு குழப்பத்தோடு கேட்டார்: "ஏண்டா, கேசட்டுலயும் கீறல் விழுமா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குழாயின் குணம் அப்படி. டிஸ்கோவின் உயிர், நிமிடத்துக்கு 120 தரம் போல வயிற்றில் வந்து இடிக்கும் அந்தப் பெரிய டிரம்மில் இருக்கிறது. குழாய் ஸ்பீக்கர் செய்யப்பட்டதோ மனிதக் குரலைத் தூரத்துக்கு எறிய. நடுத்தர ஒலியும் மேல் ஒலியும் காற்றைக் கிழித்து அடுத்த ஊருக்குப் போகும். அடி ஒலி குழாயின் தொண்டையைத் தாண்டாது. ஆக, காரைக்குடிச் சீமைக்கு வந்த டிஸ்கோவில் பேஸ் கிடையாது. சிக்கு சிக்கு என்று தட்டுச் சத்தமும் மேலே ஒரு பெண் முனகலும் மட்டும் மரத்து உச்சியிலிருந்து வந்தன. யாரும் ஆடவில்லை. மரத்துக் காக்காய்கள் இடம் மாறின. சிறிது நேரத்தில் தப்புக்காரர்கள் வந்து சேர்ந்து முதல் அடி அடித்ததும், பூப்போட்ட சட்டை உட்பட அத்தனை இளவட்டமும் இறங்கி ஆடியது. நெஞ்சுக்கூட்டில் இடிக்கும் விஷயத்தை நம் ஊர் டோனா சம்மருக்காகக் காத்துக்கொண்டு இருக்கவில்லை.

இந்தியாவில் டிஸ்கோவை வீட்டுப் பிள்ளையாக்கியது 'குர்பானி' (1980). அதில் டிஸ்கோ பாட்டைப் பாடிய நாசியா ஹசனுக்கு அப்போது வயது பதினைந்து. அந்தப் பாட்டுக்கு இசையமைத்த பித்து பெங்களூரிலிருந்து லண்டன் போனவர். 1982 கடைசியில் 'டிஸ்கோ டான்சர்' வந்தது, அதைத் தமிழில் ஆனந்த்பாபு 'பாடும் வானம்பாடி' (1985) என்று ஆடினார். சினிமாவில் டிஸ்கோ சாந்தி வந்தார். ஊரில் மினுக்குகிற எதற்கும் டிஸ்கோ என்று பெயர் வந்தது.

ஆனால் நம்மாளைக் காப்பாற்றியது 'சகலகலா வல்லவன்' (1982). ஏவி.எம். தயாரிப்பு. இயக்கியவர் காரைக்குடியில் பிறந்த எஸ்.பி.முத்துராமன். கதை வசனம் பஞ்சு அருணாசலம். டிசம்பர் 31 நள்ளிரவில் இன்றும் தமிழ்நாடு முழுக்க ஒலிக்கும் அந்தப் புத்தாண்டுப் பாட்டை இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாட, வாலி எழுத, கமல் ஆடினார் என்று ஊர் உலகம் பேசும். அதன் பின்னால் இருந்த மூன்று பேர் எங்கள் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறியவர்கள் என்று முதலாளி பேசுவார். இதே முத்துராமனும் பஞ்சுவும் சேர்ந்து 1978இல் கொடுத்த 'ப்ரியா', ஸ்டீரியோவில் பாடல் பதிவான முதல் தமிழ்ப்படம் என்று கொண்டாடப்படுவது. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று அவர்கள் அத்தனை பாடுபட்டுப் பிரித்ததை நாங்கள் ஒரே குழாயில் ஊற்றிப் புளியமரத்தில் தொங்கவிட்டோம்.

அந்தப் புத்தாண்டுப் பாட்டுக்கு மட்டும் குழாயிலும் ஆடினார்கள். மாசி மாதம் மாரியம்மன் திருவிழாவிலும் கேட்டார்கள். "ஜனவரி போயிருச்சே அண்ணே" என்றால், "அதனால என்ன, அடுத்த வருசத்துக்கு இப்பவே சொல்லி வைப்போம்" என்பார்கள். இரண்டு வருடத்தில் தட்டு தேய்ந்து, அந்தப் பாட்டில் கமலுக்குச் சளி பிடித்துவிட்டது.

பிறகு கேசட் வந்து பெட்டியை ஓரங்கட்டியது. தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் கடை. பாட்டுப் பட்டியலோடு வந்து 60 நிமிட டேப்பில் பதிந்து வாங்கிப்போக வரிசை நின்றது. எந்தப் பாட்டுக்கு அடுத்து எது என்று வாடிக்கையாளரே முடிவு செய்ததால் மைக் செட்காரனின் அதிகாரம் போயிற்று. ஏழாவது பாட்டு பாதியில் டேப் தீர்ந்துபோகும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. நம்மாள் பென்சிலால் டேப் சுற்றக் கற்றார். பெட்டி ஸ்பீக்கர் வாங்கினார். வயிற்றில் இடிக்கும் பேஸ் கடைசியாக வந்து சேர்ந்தபோது டிஸ்கோ போய்விட்டிருந்தது.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. கூம்பு வடிவக் குழாய் கட்டினால் போலீஸ் வந்து கழற்றுகிறது. இதில் நம்மாளுக்குப் புகார் எதுவும் இல்லை. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள், நோயாளிகள், மிரண்ட மாடுகள் எல்லோருக்கும் அவர் கடன்பட்டவர். 'ஆடல் பாடல்' நிகழ்ச்சிக்கு இப்போது ஊர்க்காரர்கள் மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை போய் அனுமதி வாங்குகிறார்கள். கட்சிப் பாட்டு கூடாது, சாதிப் பாட்டு கூடாது, ஆபாசம் கூடாது என்று நிபந்தனை போடுகிறது நீதிமன்றம். முதலாளி இதே சட்டத்தைத் தகரப் பெட்டி மூடியின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதிவைத்திருந்தார். கூடவே ஒன்று: பணியாரம் கூடாது.

அந்தப் பெட்டி இப்போது நம்மாள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பிளேயர் ஓடுகிறது. நாலணாவும் இருக்கிறது. முள் மட்டும் தேய்ந்துபோயிற்று. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் எவர் வீட்டுப் பரணிலாவது பழைய எச்.எம்.வி. பிளேயருக்கான முள் கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சொல்லி அனுப்புங்கள். 78 தட்டுக்கான இரும்பு முள் வேண்டாம், அது அவரிடமே ஒரு டப்பா இருக்கிறது.